வாசகர் கேள்வி–பதில்: ஒலிக் குறுந்தகட்டை எந்த வேகத்தில் எழுதுவது?

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் முறையைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் பலர், மாற்றிய ஒலியைக் குறுந்தகட்டில் எழுதுவது பற்றி, குறிப்பாக எழுதும் வேகம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் தந்தையார் கோயில் திருவிழாக்களில் பதிவு செய்து வைத்திருந்த நாகசுரக் கச்சேரி நாடாக்களைக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அவற்றைச் சி.டி.யில் எழுத விரும்புகிறேன். உறையிலேயே 52 எக்ஸ் என்று அச்சிட்டிருப்பதால் அந்த வேகத்திலேயே எழுதலாம் என்கிறார் கடைக்காரர். ஒலிப்பதிவுக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நண்பரோ 1 எக்ஸில் எழுதினால்தான் தட்டு உருப்படும் என்கிறார். எவர் சொல்வதைக் கேட்பது? – வாசகர், கும்பகோணம்

பதில்: இருவர் சொல்வதையும் பின்பற்ற வேண்டாம். உங்களிடம் இருப்பது மேசைக் கணினியில் பொருத்திய முழு அளவு ரைட்டர் (தட்டில் எழுதும் கருவி) என்றால் 16 எக்ஸில் தொடங்குங்கள். 24 எக்ஸ் வரை போகலாம். தட்டு தாங்கும் உச்ச வேகத்தையும், ரைட்டர் இறங்கக்கூடிய அடிமட்ட வேகத்தையும் ஒருசேரத் தவிர்ப்பது நல்லது. இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் வேறு தட்டோ வேறு ரைட்டரோ கைக்கு வரும்போது நீங்களே முடிவு செய்துகொள்ள முடியும்.

1 எக்ஸ் என்பது தட்டு இசைக்கப்படும் வேகம். ஒரு விநாடி இசை 75 பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் 2,352 பைட்டுகளாகவும் எழுதப்படுகிறது. ஆகவே 80 நிமிடத் தட்டை 1 எக்ஸில் நிரப்ப 80 நிமிடம் ஆகும். 16 எக்ஸில் 5 நிமிடமும், தட்டின் தொடக்க, முடிவுப் பகுதிகளை எழுதுவதற்குரிய சிறிது நேரமும் போதும்.

நாம் எழுதும் தட்டில் உண்மையான குழிகள் வெட்டப்படுவதில்லை. பிளாஸ்டிக்கின் மேல் பூசப்பட்டிருக்கும் சாயத்தை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் சூடாக்க, சூடுபட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும் கறையாக மாறுகிறது. கறையின் நீளமும் இரு கறைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் நீளமுமே செய்தி. ஆகவே ஒவ்வொரு கறையும் உரிய இடத்தில் தொடங்கி உரிய இடத்தில் முடிய வேண்டும். மிகச் சிறிய கறையை எழுத 1 எக்ஸில் சுமார் 694 நானோ விநாடி கிடைக்கிறது. 16 எக்ஸில் ஏறத்தாழ 43, 52 எக்ஸில் ஏறத்தாழ 13 நானோ விநாடிதான். இந்தக் குறுகிய நேரத்துக்குள் சாயம் சூடேறி, மாறி, அடுத்த கறையைத் தொடாமல் ஆறிவிடவும் வேண்டும்.

உங்கள் நண்பரின் அறிவுரை அவருடைய காலத்துக்குச் சரியானதே. எழுதக்கூடிய தட்டுக்கான விதிகளை பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1990-இல் ஆரஞ்சு புத்தகம் என்ற பெயரில் வகுத்தபோது, ரைட்டர்கள் 1 எக்ஸிலும் 2 எக்ஸிலும்தான் எழுதின. அந்த வேகத்துக்கு ஏற்பவே சாயத்தின் தடிமனும் கூருணர்வும் அமைக்கப்பட்டிருந்தன. பின்னாளில் வந்த அதிவேகத் தட்டுகளின் சாயமோ, வலுவான லேசர் துடிப்பு மிகக் குறைந்த நேரம் பட்டாலே மாறும்படி உருவாக்கப்பட்டது. அத்தகைய தட்டை 1 எக்ஸிலோ 2 எக்ஸிலோ எழுதினால், ரைட்டர் லேசரின் வலிமையைக் குறைத்துக்கொண்டாலும், சூடு ஒரே இடத்தில் நெடுநேரம் தங்கிப் பக்கவாட்டில் பரவி, கறையின் ஓரங்கள் கலைந்துபோக வாய்ப்பு உண்டு. மெதுவாக எழுதினால் நன்றாக எழுதப்படும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. இன்றைய தட்டுகளைப் பொறுத்தவரை அது பல நேரங்களில் பொய்த்துப் போகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. காலித் தட்டின் நெளிவான தடத்திலேயே அதைத் தயாரித்தவரின் குறியீடும், லேசரின் தொடக்க வலிமைக்கான பரிந்துரையும் பொதிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ரைட்டர் அந்தக் குறியீட்டைப் படித்து, இந்தத் தட்டுக்கு இந்த வேகத்தில் லேசரை எப்படித் துடிக்கச் செய்வது என்ற குறிப்பைத் தன் நினைவகத்தில் தேடும். பிறகு தட்டின் உள்விளிம்பில் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ள பகுதியில் சிறிது எழுதிப் பார்த்து வலிமையைச் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலோர் எந்த வேகங்களில் எழுதுவார்களோ அந்த வேகங்களுக்கான குறிப்புகளைத்தான் ரைட்டர் செய்தவர்கள் மிகுந்த கவனத்தோடு செப்பனிட்டிருப்பார்கள். அதிவேகத் தட்டை அடிமட்ட வேகத்தில் எழுத வேண்டியவர் மிகச் சிலரே.

இனி 52 எக்ஸ். அந்த வேகம் தட்டு முழுவதற்கும் உரியதன்று. தட்டு ஒரே சீராகச் சுழலும்போது உள்விளிம்பில் எழுதும் வேகம் 22 எக்ஸ் அளவில்தான் இருக்கும். வெளி விளிம்பை நெருங்கும்போதுதான் 52 எக்ஸை எட்டும். அதற்காகத் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. தட்டில் மிகச் சிறிய வளைவோ எடைச் சாய்வோ இருந்தாலும் அது அதிர்ந்து, லேசரின் குவியத்தைத் தடுமாறச் செய்யும். பிழைகள் அதிகமாகச் சேர்வது பெரும்பாலும் தட்டின் வெளிப்பகுதியில், அதாவது கடைசிப் பாடல்கள் இருக்கும் இடத்தில்தான். கச்சேரியின் நிறைவில் வரும் துக்கடாக்கள் தடுமாறித் தடுமாறி ஒலித்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். 16 எக்ஸுக்குப் பதில் 52 எக்ஸில் எழுதுவதால் மிச்சமாகும் இரண்டு, மூன்று நிமிடங்களுக்காக, மறுபடி கிடைக்காத ஒரு வாசிப்பைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோப்புகளைச் சேமிக்கும் தட்டைவிட ஒலித்தட்டுக்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். கோப்புத் தட்டில் ஒவ்வொரு 2,352 பைட்டுப் பிரிவிலும் 2,048 பைட்டுகளே கோப்புக்கு உரியவை. எஞ்சியதில் 276 பைட்டுகள் கூடுதல் பிழைதிருத்தத்துக்காக ஒதுக்கப்பட்டுள்ளன. ஒலித்தட்டில் 2,352 பைட்டுகளும் இசைக்கே போய்விடுகின்றன. எல்லாக் குறுந்தகடுகளுக்கும் பொதுவான அடிப்படைப் பிழைதிருத்தம் மட்டுமே அதற்குத் துணை. அதனாலும் மீட்க முடியாதபோது, தட்டை இசைக்கும் கருவி முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்பும்; அதுவும் இயலாவிட்டால் ஒலியை ஒரு கணம் நிறுத்திவிடும்.

கேள்வி: என் மென்பொருளில் 4 எக்ஸைத் தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் தட்டு சில நிமிடங்களில் எழுதி முடிந்துவிடுகிறது. என்ன நடக்கிறது? – வாசகி, திருநெல்வேலி

பதில்: ரைட்டரும் தட்டும் சேர்ந்து ஏற்கும் வேகங்கள் சிலவே. அந்தப் பட்டியலில் இல்லாத வேகத்தை நீங்கள் கேட்டால், ரைட்டர் தன்னால் இயன்ற அண்மை வேகத்தில் எழுதிவிடும். பின்னாளில் வந்த பல ரைட்டர்கள் அதிவேகத் தட்டுகளில் 8 அல்லது 10 எக்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. சில 16 எக்ஸுக்குக் கீழேயே வருவதில்லை. இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து காலித் தட்டைப் போட்டால், அந்தத் தட்டுக்கு அந்த ரைட்டர் ஏற்கும் வேகங்களை வலப்பக்கத்தில் காட்டும். அந்தப் பட்டியலின் நடுப்பகுதியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரில் எண்களுக்குப் பதிலாக மிக வேகம், வேகம், நடுத்தரம், மெதுவு என்ற பிரிவுகள் இருக்கும்; அங்கே நடுத்தரம் போதும்.

கேள்வி: எழுதிய தட்டு நன்றாக வந்திருக்கிறதா என்பதைக் காதால் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா? – வாசகர், மதுரை

பதில்: உண்டு. வேகத்தைப் பற்றிய வாதத்துக்கு இந்த வழியில்தான் முடிவு காண முடியும். காதால் கேட்டுப் பார்ப்பது மிகவும் பிந்திய சோதனை. பிழைதிருத்தம் சோர்ந்து கைவிடும் வரை காதுக்கு எதுவும் தெரியாது. தூசியோ கீறலோ சிறிதும் தாங்க முடியாத நிலையில் இருக்கும் தட்டுகூட எழுதிய அன்று குறையின்றி ஒலிக்கும்.

குறுந்தகட்டின் பிழைதிருத்தம் இரண்டு அடுக்குகளில் நடைபெறுகிறது. முதல் அடுக்கில் காணப்படும் பிழைகளைச் சி1 என்றும், அதைக் கடந்து இரண்டாம் அடுக்குக்கு வருவனவற்றைச் சி2 என்றும் குறிப்பிடுவார்கள். தட்டு ஒரு விநாடியில் 7,350 சிறு துண்டுகளாகப் படிக்கப்படுகிறது. அவற்றில் பிழையுள்ளவை 10 விநாடிச் சராசரியில் விநாடிக்கு 220-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. இது கடைசி எல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். நன்றாக எழுதப்பட்ட தட்டில் சராசரி அதைவிட மிகமிகக் குறைவாக, பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். புதிதாக எழுதிய தட்டில் சி2 அறவே இருக்கக்கூடாது. இருந்தால் அந்தத் தட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இந்தக் கணக்கை எடுக்க நீரோ டிஸ்க்ஸ்பீட் போன்ற மென்பொருள்கள் உள்ளன. ஆனால் எல்லா ரைட்டர்களும் இந்தத் தகவலை வெளியே தருவதில்லை. லைட்–ஆன், பிளெக்ஸ்டர் நிறுவனங்களின் பழைய ரைட்டர்கள் பல இதைத் தரும் என்பதால்தான் இன்றும் அவற்றைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய ரைட்டர் ஒன்று கிடைத்தால், ஒரே கட்டிலிருந்து எடுத்த தட்டுகளில் ஒன்றை 8 அல்லது 10 எக்ஸிலும், ஒன்றை 16-லும், ஒன்றை 24-லும், இன்னொன்றை உச்ச வேகத்திலும் ஒரே இசையைக் கொண்டு முழுமையாக நிரப்பி எழுதுங்கள். பிறகு ஒரே ரைட்டரில், ஒரே படிக்கும் வேகத்தில் நான்கையும் அளந்து பாருங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. மென்பொருள் வரைந்து காட்டும் பிழைக்கோடு வெளி விளிம்பில் மேலேறுகிறதா, நடுவில் எங்காவது செங்குத்தாக எழுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எந்த வேகத்தில் கோடு தாழ்வாகவும் சமமாகவும் ஓடுகிறதோ அதுவே அந்தத் தட்டுக்கும் அந்த ரைட்டருக்கும் உரிய வேகம். கட்டு தீர்ந்து வேறு பெயருள்ள தட்டு வாங்கினால் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஏன், அதே பெயரில் வாங்கினாலும் செய்வது நல்லது. உறையில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வெவ்வேறு தொழிற்சாலைகளின் தட்டுகள் இருப்பது வழக்கம்.

அளக்கும் வசதி இல்லாதவர்கள், எழுதிய தட்டிலிருந்து இசையை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால் மீண்டும் கணினிக்கு எடுத்து, மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒத்திருந்தால் அந்த ரைட்டருக்குத் தட்டு படிக்கக் கிடைத்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆகவே இசைக்கப்போகும் கருவி எதுவோ அதிலும், குறிப்பாகக் கடைசிப் பாடலை, ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: குறைந்த வேகத்தில் எழுதிய தட்டில் தம்புரா நாதம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்று இசையன்பர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இது உண்மையா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தட்டில் இருப்பவை எண்கள். பிழைதிருத்தம் தன் வேலையை முழுமையாகச் செய்து முடித்தால், 8 எக்ஸில் எழுதிய தட்டும் 24 எக்ஸில் எழுதிய தட்டும் ஒரே எண்களைத்தான் தரும். கறைகளின் ஓரங்கள் சிறிது முன்பின்னாக அமைவதை ஜிட்டர் என்கிறார்கள். வேகத்துக்கு ஏற்ப அது மாறுவது உண்மைதான். ஆனால் தட்டை இசைக்கும் கருவி, படித்த எண்களைத் தற்காலிக நினைவகத்தில் சேர்த்து வைத்து, தன் படிகக் கடிகாரத்தின் தாளத்துக்கு ஏற்பவே வெளியே அனுப்புகிறது. ஆகவே தட்டிலுள்ள ஜிட்டர் அப்படியே ஒலிக்கு வந்து சேர்வதில்லை.

இருந்தாலும், கறைகளைத் தெளிவாக அமைக்க வேண்டும் என்ற அக்கறை பொருளற்றது என்று சொல்ல மாட்டேன். யமஹா நிறுவனம் 2002-இல் வெளியிட்ட சிஆர்டபிள்யூ–எஃப்1 என்ற ரைட்டரில் இசைத்தட்டுகளுக்கென்றே ஒரு தனி முறையை வைத்திருந்தது. அதில் கறைகள் வழக்கத்தைவிட நீளமாக எழுதப்பட்டன. அதனால் 74 நிமிடத் தட்டில் 63 நிமிடமே பிடித்தது. பிளெக்ஸ்டர் தன் ரைட்டர்கள் சிலவற்றில் லேசரின் வலிமையைப் பயனரே ஏற்றி இறக்கும் வசதியைக் கொடுத்தது. இவற்றால் ஜிட்டர் குறைந்து, கருவிகள் தட்டை எளிதாகப் படித்தன. பழைய கருவியில் தட்டு ஒலிப்பதா ஒலிக்காமல் நிற்பதா என்பதை இந்த எளிமை முடிவு செய்யக்கூடும் என்பதால் அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். தம்புரா நாதத்தின் தெளிவுக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றிய விதம். எம்பி3 ஆகச் சுருக்கிய கோப்பிலிருந்து தட்டை எழுதினால், எந்த வேகத்தில் எழுதினாலும் சுருக்கும்போது போனது திரும்பி வராது.

கேள்வி: இங்கே கடைகளில் ‘மியூசிக்’ என்று குறிக்கப்பட்ட தட்டுகள் கூடுதல் விலைக்குக் கிடைக்கின்றன. ஒலித்தட்டு எழுத அவைதாம் வேண்டுமா? – வாசகர், டொராண்டோ

பதில்: கணினியில் எழுதுவதற்கு வேண்டாம். ஒலிநாடாக் கருவியைப் போலத் தனியே இயங்கும் வீட்டு சி.டி. ரெக்கார்டர்கள், தட்டில் உள்ள ஒரு குறியீட்டைப் பார்த்து, ‘மியூசிக்’ தட்டுகளை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டவை. அமெரிக்காவில் 1992-இல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் உரிமைத்தொகை பற்றிச் செய்த ஏற்பாட்டோடு தொடர்புடையது இது. தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் உங்களிடம் அத்தகைய ரெக்கார்டர் இருந்து, அதில் நேரடியாகப் பதிவு செய்வதானால், அது 1 எக்ஸில்தான் எழுதும். இசை ஓடும்போதே எழுத வேண்டியிருப்பதால் வேறு வழியில்லை. அந்நிலையில், உறையில் 1 எக்ஸிலிருந்து தொடங்கும் வேக வரம்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இயன்றால் அதில் பதிந்ததைக் கணினிக்கு எடுத்து, மற்றவர்களுக்குரிய பிரதிகளை நடுத்தர வேகத்தில் கணினியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: மடிக்கணினியோடு இணைக்கும் மெல்லிய ரைட்டரில் எழுதிய தட்டு வீட்டில் பாடுகிறது, பழைய காரிலுள்ள சி.டி. கருவி அதை ஏற்க மறுக்கிறது. வேகத்தைக் குறைத்தால் சரியாகுமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆகலாம், ஆனால் அதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். தட்டை ஒலித்தட்டாக எழுதினீர்களா, அல்லது எம்பி3 கோப்புகளைத் தரவுத் தட்டாக எழுதினீர்களா? பழைய கருவிகள் பலவற்றுக்கு இரண்டாவது வகை புரியாது. அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. தட்டைப் பயன்படுத்தியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். சாதாரணத் தட்டு விழும் ஒளியில் 65 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும்போது, ஆர்.டபிள்யூ. தட்டு 15 முதல் 25 சதவீதம் வரையே அனுப்புகிறது. எழுதி முடித்தபின் தட்டு மூடப்பட்டதா, அதாவது ஃபைனலைஸ் செய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். மூடப்படாத தட்டை எழுதிய ரைட்டர் படிக்கும். கார்க் கருவி படிக்காது. பாடல் பாடலாக எழுதாமல், ஒரே ஓட்டத்தில் முழுத் தட்டையும் எழுதும் டிஸ்க்–அட்–ஒன்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். ராகத்துக்கும் பல்லவிக்கும் நடுவே தேவையற்ற இரண்டு விநாடி மௌனம் விழுவதையும் அது தவிர்க்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தட்டு ஓடவில்லை என்றால் வேகத்துக்கு வரலாம். மெல்லிய ரைட்டர்களின் உச்சமே பெரும்பாலும் 24 எக்ஸ்தான். யு.எஸ்.பி. இணைப்பிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில் சிறிய மோட்டாரால் இயங்கும் அவற்றுக்கு 24 எக்ஸ் கடும் வேலை. 10 எக்ஸிலும் 16 எக்ஸிலும் ஒவ்வொரு தட்டு எழுதிக் காரில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஓடாவிட்டால் வேறு நிறுவனத்தின் தட்டை முயலுங்கள். வேகத்தை மாற்றுவதைவிடத் தட்டை மாற்றுவது பல நேரங்களில் அதிகம் பலன் தருகிறது. எழுதும்போது மடிக்கணினியில் வேறு கனமான வேலை எதுவும் ஓட வேண்டாம். தரவு வருவது தடைபட்டால் முன்பு தட்டே பாழாகிவிடும். 2000-இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்–புரூஃப் முறைக்குப் பின்னர், ரைட்டர்கள் எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. ஆனாலும் இணைப்பு விழும் இடங்கள் குறைவாக இருப்பதே ஒலித்தட்டுக்கு நல்லது. தட்டைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் சூடு சாயத்தைக் கெடுக்கும்.

கேள்வி: தட்டின் மேல் அச்சிட்ட தாளை ஒட்டலாமா? ஒட்டிவிட்டு எழுதலாமா? – வாசகி, சேலம்

பதில்: ஒட்டவே வேண்டாம். சிறிது விலகி ஒட்டினாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்து, சுழலும்போது தட்டு அதிரும். காரின் சூட்டில் தாள் பெயர்ந்து கருவிக்குள் சிக்கிக்கொள்ளவும் கூடும். சாயப் படலமும் பிரதிபலிக்கும் உலோகப் படலமும் தட்டின் மேற்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழேயே இருக்கின்றன. கீழ்ப்பக்கத்திலோ 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலாக இருக்கிறது. ஆகவே மேற்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதக்கூடாது. நீரில் கரையும் மை கொண்ட மென்முனைப் பேனாவால், எழுதிச் சோதித்து முடித்த பிறகு, கச்சேரியின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். எந்த ரைட்டரில் எந்த வேகத்தில் எழுதினீர்கள் என்பதை உறையில் குறித்து வையுங்கள்.